படியில் கிடந்த செருப்பு

காரைக்குடிப் பக்கத்தில் எங்கள் பள்ளத்தூரில் மாதத்தில் ஒரு நாள் பராமரிப்புக்காகக் கரண்ட்டை நிறுத்துவார்கள். காலை ஒன்பதுக்குப் போனால் மாலை ஐந்து வரை வராது. தெருவே விசிறியும் கையுமாகத் திண்ணைக்கு வந்துவிடும். எனக்கு அது பரீட்சை நாள். நான் மென்பொருள் எழுதிக்கொடுக்கும் பெட்டி ஒன்று எங்கள் வீட்டு முகப்பில் மாட்டியிருக்கிறது. கரண்ட் இல்லாமல் அது எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று பார்க்க இதைவிட நல்ல நாள் கிடையாது.

போன மாதப் பரீட்சையில் பெட்டி ஃபெயில். மதியம் ஒன்றரை மணி தாண்டியதும், "ஏப்பா, உன் பொட்டி கண்ண மூடிருச்சு" என்று ஆத்தா முகப்பிலிருந்து குரல் கொடுத்தார்கள். நான் பட்டாலையில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தேன். கை கழுவாமலே ஓடிப்போய்ப் பார்த்தேன். பச்சை விளக்கு அணைந்து கிடந்தது.

பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் ஆள் இல்லாமல் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகள் ஏராளம். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். நிலைக்கதவும் பர்மாத் தேக்குத் தூணும் மட்டும் இங்கே காவல் காக்கும். அப்படிப்பட்ட வீட்டு முகப்பில் மாட்டுவதற்கான பெட்டி இது. உள்ளே நான்கு கோர் உள்ள ஆர்ம் சிப், ஒரு கேமரா, ஒரு 4ஜி மோடம், ஆள் நடமாட்டம் கண்டால் தட்டி எழுப்பும் சென்சார், 5,000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி. யாராவது வந்தால் படம் எடுத்து அனுப்ப வேண்டும். மற்ற நேரமெல்லாம் தூங்க வேண்டும். நாளில் முக்கால்வாசி தூக்கம்தான். ஓடுவது லினக்ஸ் என்ற இயங்குதளம், அதன் மையப் பகுதிக்குக் கெர்னல் என்று பெயர்.

கணக்கு எளிது. 3.7 வோல்ட், 5 ஆம்பியர்-மணி என்றால் 18.5 வாட்-மணி. வோல்டேஜை மாற்றும் சர்க்யூட்டில் போவது போக 15.7 என்று வைத்துக்கொள்ளலாம். சும்மா இருக்கும்போது பெட்டி 1.6 வாட் இழுக்கும் என்று நான் எழுதிக் கொடுத்திருந்தேன். அப்படியானால் பத்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக வர வேண்டும். வந்ததோ நாலரை மணி நேரம்.

முதலில் பேட்டரியைத்தான் சந்தேகப்பட்டேன். காரைக்குடிப் பக்கத்துக்காரனுக்கு அந்தப் புத்தி வருவது இயல்பு. மின்வேதியியலுக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் இங்கே இருக்கிறது. 1948-ல் நேரு அடிக்கல் நாட்டியது, அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து வரவழைத்தது. அந்த மதிலைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்கூடம் போனவனுக்கு எல்லாக் குற்றமும் பேட்டரி மேலேதான் விழும். ஆனால் கரண்ட் வந்தபின் மீட்டரை நடுவில் போட்டு அளந்தால், பெட்டி சும்மா இருக்கும்போதே 3.4 வாட் காட்டியது. 15.7-ஐ 3.4-ஆல் வகுத்தால் 4.6. பேட்டரி மேல் தப்பில்லை. பெட்டிதான் தூங்காமல் கொட்டக் கொட்ட விழித்திருக்கிறது.

அடுத்து எல்லோரும் செய்வதை நானும் செய்தேன். கவர்னரை மாற்றினேன்.

லினக்ஸில் சிபியு, அதாவது சிப்பில் கணக்குப் போடும் பகுதி, எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்று முடிவு செய்யும் பகுதிக்கு கவர்னர் என்று பெயர். 2004-ல் கெர்னல் 2.6.9-ல் வந்த ஆன்டிமாண்ட், சிபியு எவ்வளவு நேரம் வேலையாக இருந்தது என்று அவ்வப்போது எட்டிப் பார்த்து வேகத்தை ஏற்றி இறக்கும். 2016-ல் 4.7-ல் வந்த ஸ்கெட்யூட்டில் எட்டிப் பார்ப்பதில்லை. வேலையைப் பங்கு போடும் ஸ்கெட்யூலரிடமே எவ்வளவு பாரம் என்று கேட்டு, அதற்கு மேல் கால் பங்கு சேர்த்து வேகம் வைக்கும். அளந்து போட்ட பின் கூட ஒரு கரண்டி போடுகிற ஆச்சி கை அது. இவை போக பெர்ஃபார்மன்ஸ், பவர்சேவ் என்று கண்ணை மூடிக்கொண்டு உச்சத்திலோ அடியிலோ நிற்கிற இரண்டு.

பவர்சேவ் போட்டேன். 3.4 என்பது 3.3 ஆனது. ஒரு மத்தியான வேலைக்கு இதுதான் கூலி.

கொஞ்சம் யோசித்திருந்தால் அந்த மத்தியானம் மிஞ்சியிருக்கும். எங்கள் சிப்பின் அட்டவணையில் 1,200 மெகாஹெர்ட்ஸுக்கு 1.225 வோல்ட். 600-க்கு 0.95. 408-க்கும் அதே 0.95. சிப் தின்னும் மின்சாரம் வேகத்தின் ஒரு மடங்காகவும் வோல்டேஜின் வர்க்கமாகவும் போகும். 1,200-லிருந்து 408-க்கு இறங்கினால் வேகம் மூன்றில் ஒன்றாகிறது, மின்சாரம் ஐந்தில் ஒன்றாகிறது. லாபம் வந்தது வோல்டேஜ் இறங்கியதால். 600-லிருந்து 408-க்கு இறங்கும்போது வோல்டேஜ் அசையவில்லை. மின்சாரம் எவ்வளவு குறைந்ததோ அவ்வளவுக்கு வேலையும் இழுத்துக்கொண்டு போகும். ஒரு வேலைக்கு ஆகும் மொத்தச் செலவில் மிச்சம் எதுவும் இல்லை, விளக்கு எரியும் நேரம்தான் கூடுதல். மெதுவாக ஓடினால் சிக்கனம் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் சில வருஷம் அப்படித்தான் நினைத்தேன்.

வோல்டேஜ் என்றதும் ஒன்று. வேகத்தைக் கூட்டும்போது கெர்னல் முதலில் வோல்டேஜை ஏற்றும், அது நிலைத்தபின் சிப்பின் வேகத்தைத் தரும் கடிகாரத்தை ஏற்றும். குறைக்கும்போது தலைகீழ்: முதலில் கடிகாரம், பிறகு வோல்டேஜ். மாற்றிச் செய்தால் குறைந்த வோல்டேஜில் அதிக வேகம் என்று ஒரு கணம் வரும். சிப் தப்பாகக் கணக்குப் போடும், இல்லை தொங்கிப்போகும். இது எங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த பாடம். சாயங்காலம் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் மோட்டார் போடுவார்கள். கிணற்றடி ஸ்டார்ட்டர் பெட்டியில் இருக்கும் வோல்ட் முள் 200-ஐத் தாண்டாமல் பச்சைப் பொத்தானை அமுக்கக் கூடாது. அமுக்கினால் மோட்டார் சுற்றாமல் உறுமும், கொஞ்ச நேரத்தில் மோட்டாரின் காயில் கருகும் வாசனை வரும். அப்பச்சி காலத்தில் இரண்டு மோட்டார் அப்படிப் போயிருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எந்த வேகத்தில் எவ்வளவு நேரம் இருந்தோம் என்று கெர்னல் ஒரு குறிப்பு வைத்திருக்கும், டைம்_இன்_ஸ்டேட் என்ற கோப்பில். அதை முதலிலேயே பார்த்திருக்க வேண்டும். பழைய கவர்னரில் ஓடியபோதே சிபியு பெரும்பாலான நேரம் 408-ல்தான் படுத்திருக்கிறது. அந்தப் பாவத்தைப் போய் நான் அடித்துக்கொண்டிருந்தேன்.

சிபியு இல்லையென்றால் வேறு யார்? டெவ்ஃப்ரீக் பக்கம் போனேன். சிபியு அல்லாத சாதனங்களுக்கும், அதாவது மெமரியை ஆளும் மெமரி கன்ட்ரோலர், படம் வரையும் ஜிபியு போன்றவற்றுக்கும், இதே மாதிரி வேகம் ஏற்றி இறக்குகிற ஏற்பாடு அது. 2012 ஜனவரியில் கெர்னல் 3.2-ல் வந்தது. அதில் உள்ள சிம்பிள்_ஆன்டிமாண்ட் கவர்னர், சாதனம் 90 சதவீதத்துக்கு மேல் வேலையாக இருந்தால் உச்ச வேகத்துக்குத் தூக்கிவிடும். மெமரி கன்ட்ரோலர் அப்போது உச்ச வேகத்தில் நின்றுகொண்டிருந்தது. வேலை பார்த்தால் இரண்டு சதவீதம்கூட இல்லை. கவர்னர் இறக்கத் தயார், ஆனால் வேறு யாரோ "இதற்குக் கீழே போகாதே" என்று கையைப் பிடித்திருக்கிறார்கள். கெர்னலில் அப்படி ஒரு சாதனத்தின் டிரைவர், அதாவது அதை இயக்கும் நிரல், இன்னொன்றிடம் குறைந்தபட்ச வேகம் கேட்டுவைக்கலாம். படம் பிடிக்கும்போது மெமரி மெதுவாக இருந்தால் வரிகள் விடுபடும் என்று கேமரா டிரைவர் கேட்டுவைப்பது நியாயம். எழும்போது கேட்கும், தூங்கப் போகும்போது விட்டுவிடும்.

கேட்ட கேமரா விடவில்லை. ஏனென்றால் அது தூங்கவே போகவில்லை.

இங்கே எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அதற்குப் பின்னால் அடுப்படி. ஐந்து பங்காளிகளுக்குச் சொந்தம். என் சின்ன வயதில் விசேஷ நாட்களில் முப்பது பேர் இருப்போம். இரவில் முகப்புக் கதவைப் பூட்டுவது அப்பத்தா பொறுப்பு. முழ நீளச் சாவி. யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று யாரிடமும் கேட்டதில்லை. வாசல் படியில் கிடக்கும் செருப்பை எண்ணுவார்கள். வீட்டுப் பிள்ளைகள் உள்ளே வந்து அவரவர் செருப்பை நடையில் இருக்கும் பலகைக்கு மாற்றிவிட வேண்டும். படியில் கிடப்பதெல்லாம் விருந்தாளி செருப்பு. விருந்தாளி இன்னும் உள்ளே இருக்கிறார், விளக்கு எரிய வேண்டும், கதவு திறந்திருக்க வேண்டும் என்று அர்த்தம். படி காலியானதும் உடனே பூட்டிவிடவும் மாட்டார்கள். வெற்றிலை ஒரு தரம் போட்டு முடிக்கிற நேரம் காத்திருப்பார்கள், போனவர் குடையை மறந்துவிட்டுத் திரும்பி வரலாம் என்று. அப்புறம் உள்ளேயிருந்து வெளியே: முதலில் அறை, பிறகு இரண்டாம் கட்டு, பிறகு வளவு, கடைசியில் முகப்பு. காலையில் திறப்பது தலைகீழ்.

கெர்னலில் ரன்டைம் பவர் மேனேஜ்மென்ட் என்பது அப்பத்தா செய்ததேதான். 2009 கடைசியில் 2.6.32-ல் ரஃபேல் விசோட்ஸ்கி கொண்டுவந்தது. ஒவ்வொரு சாதனத்துக்கும் ஓர் எண்ணிக்கை. வேலை தொடங்கும் டிரைவர் ‘கெட்’ என்று சொல்லி ஒன்று ஏற்றும். முடித்ததும் ‘புட்’ என்று சொல்லி ஒன்று இறக்கும். பூஜ்யமானால் சாதனம் தூங்கலாம். விரும்பினால் ஆட்டோசஸ்பெண்ட் என்று வெற்றிலை போடும் நேரமும் வைக்கலாம், யுஎஸ்பிக்கு அது வழக்கமாக 2 விநாடி. பிள்ளைச் சாதனங்கள் எல்லாம் தூங்கினால்தான் தாய்ச் சாதனம் தூங்கும், கடைசியில் அந்தக் கட்டுக்கே போகும் மின்சாரம், பவர் டொமைன் என்பது, அணையும். எழும்போது முகப்பிலிருந்து உள்ளே.

யாரும் யாரையும் போய்ப் பார்ப்பதில்லை, எண்ணிக்கைதான் எல்லாம். இதன் அழகும் அதுதான், ஆபத்தும் அதுதான்.

ஆபத்தை நான் பத்து வயதில் பார்த்திருக்கிறேன். அப்பச்சியின் கூட்டாளி ஒருவர் மெட்ராஸிலிருந்து வந்திருந்தார். இங்கே புதிதாக ஷூ வாங்கினார். அதைப் போட்டுக்கொண்டு பின்கட்டு வழியாகச் சந்துக்குள் இறங்கி, வண்டி பிடித்துக் காரைக்குடியில் ரயில் ஏறிவிட்டார். பழைய செருப்பு படியிலேயே கிடந்தது. அன்று ராத்திரி இரண்டு மணி வரை முகப்பு விளக்கு எரிந்தது. அப்பத்தா சாய்ந்தபடியே தூங்காமல் உட்கார்ந்திருந்தார்கள். யாரோ போய்ச் சொன்னபோது அவர்கள் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது.

என் பெட்டியில் கேமராவின் எண்ணிக்கையைப் பார்த்தேன். ரன்டைம்_யூசேஜ் என்ற கோப்பு, கெர்னலைக் கட்டும்போது அதற்கான அமைப்பைப் போட்டிருந்தால் தெரியும். ஒன்று. யாரும் படம் எடுக்கவில்லை, எண்ணிக்கை மட்டும் ஒன்று. பெட்டியை அணைத்து மறுபடி போட்டால் பூஜ்யம். ஒரு மணி நேரம் விட்டுப் பார்த்தால் பூஜ்யம். அணில் ஓடியது, படம் எடுத்தது, மறுபடி பூஜ்யம். சாயங்காலம் பார்த்தால் இரண்டு.

மறுநாள் காலையில் கெர்னல் பதிவைத் தோண்டினேன். கேமரா சென்சாருக்கு ஐ2சி என்ற இரண்டு வயர் இணைப்பு வழியாக எழுத முடியவில்லை என்று இரண்டு வரி, மத்தியான வெயில் நேரத்தில். ரிப்பன் வயர் லேசாகத் தளர்ந்திருந்தது, சூட்டில் சில நேரம் விட்டுப்போகிறது. அது ஒரு தனிக் கதை, புதுக் கிளிப் போட்டாயிற்று. ஆனால் வயர் தளர்ந்தால் படம் ஒன்று போக வேண்டும், பேட்டரி ஏன் போக வேண்டும்?

டிரைவரைத் திறந்தேன். சென்சார் தயாரித்த நிறுவனம் கொடுத்தது, பெயர் வேண்டாம். படம் பிடிக்கத் தொடங்கும் ஃபங்ஷன் இருபது வரிகூட இல்லை. முதல் வேலை: கெட், எண்ணிக்கை ஒன்று ஏறுகிறது, சாதனம் எழுகிறது. அடுத்து, சென்சாருக்கு ரெஜிஸ்டர் மதிப்புகளை, அதாவது அதன் அமைப்பு எண்களை, வரிசையாக எழுதுகிறது. எழுத முடியாவிட்டால், பதிவில் ஒரு வரி போட்டுவிட்டுப் பிழை எண்ணைத் திருப்பிக் கொடுத்து வெளியேறிவிடுகிறது. புட் எங்கே? இல்லை. நல்லபடியாக முடிந்தால் நிறுத்தும் ஃபங்ஷன் புட் சொல்லும். தொடங்கவே இல்லை என்று பிழை வந்ததால் நிறுத்தும் ஃபங்ஷனை யாரும் கூப்பிடுவதில்லை. ஷூ போட்டுக்கொண்டு பின்கட்டு வழியாகப் போய்விட்டார்.

அதற்கப்புறம் எத்தனை தடவை ஒழுங்காகப் படம் எடுத்தாலும் ஒன்று இரண்டாகும், இரண்டு ஒன்றாகும். பூஜ்யத்துக்கு வராது. கேமரா எழுந்தே இருக்கும், அதன் டொமைனில் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும், மெமரி உச்ச வேகத்திலேயே நிற்கும். ஒரு விடுபட்ட வரிக்கு 1.8 வாட்.

பிழை வந்தால் ஒரு லேபிளுக்குத் தாவி, அங்கே புட் சொல்லிவிட்டு வெளியேறும்படி மாற்றினேன். திருத்தும்போதுதான் பக்கத்திலேயே அதன் தம்பியும் இருப்பது தெரிந்தது. பிஎம்_ரன்டைம்_கெட்_சிங்க் என்ற அழைப்பில் பலரும் விழுந்த பள்ளம் ஒன்று உண்டு. சாதனத்தை எழுப்ப முடியாமல் போனாலும் அது எண்ணிக்கையை ஏற்றிவிட்டுத்தான் தோல்வி சொல்லும். கதவு திறக்கவில்லை, விருந்தாளி வந்த வழியே போய்விட்டார், செருப்பு மட்டும் படியில். தோல்விதானே, இறக்க என்ன இருக்கிறது என்று நினைத்து டிரைவர் எழுதுகிறவர் திரும்பிவிடுவார். ஆவணத்தில் எழுதித்தான் இருக்கிறது, படித்தவர் எத்தனை பேர்? எத்தனையோ டிரைவர்களில் இதைத் திருத்தி அலுத்தபின் 2020-ல், 5.10-ல், பிஎம்_ரன்டைம்_ரெஸ்யூம்_அண்ட்_கெட் என்று வேறொன்று வந்தது. தோற்றால் தானே எண்ணிக்கையை இறக்கிவிட்டுத்தான் திரும்பும். எங்கள் டிரைவர் பழையதைத்தான் வைத்திருந்தது. அதையும் மாற்றினேன். என்னைக் கேட்டால் பழையதன் பெயரிலேயே ஓர் எச்சரிக்கை ஒட்டியிருக்க வேண்டும், நல்ல பிள்ளை மாதிரிப் பெயர் வைத்துக்கொண்டு இந்த வேலை பார்க்கிறது.

சோதிக்க வயரைப் பிடுங்கும் தைரியம் எனக்கில்லை, சென்சார் விலை அப்படி. டிரைவரில் ஐ2சி முகவரியை வேண்டுமென்றே தப்பாகக் கொடுத்து, முகப்பில் இருபது தரம் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். "என்னப்பா, பிரதட்சணமா?" என்றார்கள் ஆத்தா. இருபது பிழை. எண்ணிக்கை பூஜ்யம். மெமரி அடி வேகத்தில். மீட்டரில் 1.6.

மோடத்துக்கும் ஆட்டோசஸ்பெண்ட் போட்டுப் பார்க்கலாம் என்று ஆசை வந்தது. தூங்கினது எழுந்திருக்கவில்லை, எடுத்துவிட்டேன். அது அடுத்த மாதத்துக்கு.

நேற்று மறுபடி பராமரிப்பு நாள். ஒன்பதுக்குக் கரண்ட் போனது. ஒன்றரை மணிக்குச் சாப்பாட்டிலிருந்து எழுந்து போய்ப் பார்த்தேன், பச்சை விளக்கு இருந்தது. மூன்று மணிக்குப் போனேன், இருந்தது. ஐந்துக்குக் கரண்ட் வந்தபோது பேட்டரி 18 சதவீதம் மிச்சம்.

ஆத்தா அடுப்படியிலிருந்து, "தொட்டியில சொட்டுத் தண்ணி இல்லப்பா, மோட்டாரப் போடு" என்றார்கள். கிணற்றடிக்குப் போனேன். தெருவே அந்த நேரத்தில் போட்டிருக்கும் போல, முள் 170-ல் நடுங்கிக்கொண்டிருந்தது. துவைக்கிற கல்லில் உட்கார்ந்தேன்.